வென்றது நாமா, நாங்களா?

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் எங்களைக் கேட்டபோது, "பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படக்கூடியதாக இருக்கட்டும்" என்று ஒரு நிபந்தனையும் விதித்தனர். நாங்கள் இருவரும் சிந்தித்துப் பார்த்தோம். திருக்குறள் பற்றி எழுதுவதற்கு இப்பள்ளியில் எங்களிலும் கற்றோர் பலர் உளர். சைவமும் தமிழும் பற்றிச் சென்ற ஆண்டுகளில் எழுதாதோர் இலர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாங்கள் இடைவிடாது பயின்ற துறை ஒன்றே ஒன்றுதான். அது, சாய்மனையில் அமர்ந்து தேநீர் அருந்தியவாறு பிறர் வியர்வை சிந்துவதைப் பார்ப்பது. எனவே அதைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

இதனை எழுதுவோர் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவர். எங்கள் பேத்தி இப்பள்ளியில் நான்காம் வகுப்பில் பயில்கிறாள். கட்டுரையில் "எங்களுள் ஒருவர்" என்று வருமிடங்களில் அவர் யார் என்பதை வீட்டமைதி கருதிக் கூறாது விடுகின்றோம்.

விளையாட்டு இரசிகரின் மொழியில் ஒரு விந்தை உண்டு. அவர் பந்தைத் தொட்டிருக்க மாட்டார். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆயினும் தமது அணி வெற்றி பெற்றால் "வென்றோம்" என்பார். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல்லே போதும். தமிழிலோ இரண்டு உண்டு. கேட்பவரையும் சேர்த்துக் கொண்டால் "நாம்". கேட்பவரை விலக்கிவிட்டால் "நாங்கள்". வினைமுற்று இரண்டிற்கும் ஒன்றே. "நாம் வென்றோம்" என்றால் நீங்களும் வென்றீர்கள். "நாங்கள் வென்றோம்" என்றால் நீங்கள் வேறு யாரோ. இந்தச் சிறு வேறுபாட்டை எங்களுக்குப் புரிய வைத்தவர் எந்தப் பண்டிதரும் அல்லர். எங்கள் மகளும் பின்னர் அவளது மகளுமே புரிய வைத்தனர். அக்கதையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் பெருஞ்சமரை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். எங்களுள் ஒருவரது குடும்பம் மத்திய கல்லூரிப் பக்கம். மற்றவரது தமையன்மார் பரியோவான் பக்கம். திருமணப் பேச்சின்போது பத்துப் பொருத்தங்களுள் எட்டுப் பொருந்தின என்று சாத்திரியார் மகிழ்ந்தார். பாடசாலைப் பொருத்தத்தை அவர் பார்க்கவில்லை. அதன் பலனை ஆண்டுதோறும் அச்சமர் நடைபெறும் மூன்று நாள்களிலும் இன்றுவரை அனுபவித்து வருகின்றோம்.

1989ஆம் ஆண்டு, மூன்று வயது மகளுடன் ரொறன்ரோ வந்து சேர்ந்தோம். அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் நகரின் நடுவே, கூரை திறந்து மூடும் ஸ்கைடோம் விளையாட்டரங்கும் திறக்கப்பட்டது. அவ்வரங்கில் ஆடிய புளூ ஜேஸ் அணியினரின் பேஸ்போல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் முதன்முதல் பார்த்தபோது நாங்கள் அடைந்த அதிர்ச்சி கொஞ்சமன்று. பந்து நிலத்தில் குத்தி எழவில்லை. பிடி பிடிப்பவர்கள் அடுப்பிலிருந்து தாச்சியை இறக்குபவர்களைப் போலத் தடித்த கையுறை அணிந்திருந்தனர். எல்லாவற்றிலும் மேலாக, அடித்தவர் தமது மட்டையை நிலத்தில் எறிந்துவிட்டு ஓடினார்! துடுப்பைக் கீழே போடுவது கலைவாணியின் புத்தகத்தைக் காலால் மிதிப்பதற்கு ஒப்பானது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். "இதுவும் ஒரு விளையாட்டோ" என்று தொலைக்காட்சியை நிறுத்தினோம்.

மகள் நிறுத்தவில்லை. 1992இல் புளூ ஜேஸ் அணி உலகத் தொடரை வென்றபோது அவளுக்கு வயது ஆறு. மறு ஆண்டு ஒக்ரோபர் 23ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை. காலையில் தமிழ்ப் பள்ளிக்குச் சென்று வந்தவள், "இன்றைக்கு மட்டும்" என்று அனுமதி பெற்று இரவு நெடுநேரம் விழித்திருந்தாள். தொழிற்சாலையில் வாரம் முழுவதும் இரவு வேலை செய்து களைத்த எங்களுள் ஒருவர் கதிரையிலேயே உறங்கிவிட்டார். இறுதிச் சுற்றில் பிலடெல்பியா அணி ஆறுக்கு ஐந்து என்று முன்னணியில் நிற்க, ஜோ கார்ட்டர் என்னும் வீரர் பந்தை அரங்கின் இடப்புற வேலிக்கு அப்பால் அடித்தார். மூவர் ஓடி வந்தனர். எட்டுக்கு ஆறு. உலகத் தொடர் முடிந்தது. வீதியெங்கும் வாகனங்களின் ஒலி எழுந்தது.

"அப்பா, எழும்புங்கோ! நாங்கள் வென்றிட்டம்!"

உறக்கத்திலும் இலக்கணம் உறங்குவதில்லை. "நாங்கள் அல்ல, பிள்ளை. நாம் என்று சொல்ல வேண்டும்" என்று கண்ணைத் திறவாமலே திருத்தினார் தந்தை.

ஏழு வயதுப் பிள்ளை ஒரு கணம் யோசித்தாள். "இல்லை அப்பா. நீங்கள் நித்திரை. நாங்கள்தான் பார்த்தம். அதனால் நாங்கள்தான் வென்றம்" என்றாள்.

இலக்கணப்படி அது முற்றிலும் சரியான விடை. எனினும் அன்றிரவு எங்கள் இருவருக்கும் உறக்கம் வரவில்லை. எங்கள் பிள்ளைக்கு இந்த ஊரில் ஒரு "நாங்கள்" கிடைத்துவிட்டது. அதற்குள் நாங்கள் இல்லை. மறுநாள் மாலையே எங்களுள் ஒருவர் நூல்நிலையம் சென்று பேஸ்போல் விதிகளைக் கூறும் சிறுவர் நூலொன்றை இரவல் வாங்கி வந்தார். பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்து வரும் பெற்றோர்க்கு நாங்கள் கூறக்கூடிய அறிவுரை ஒன்று உண்டாயின் அது இதுவே. அவர்கள் எங்கள் மொழியைக் கற்க வேண்டும் என்று விரும்பினால், அவர்களுடைய விளையாட்டின் விதிகளையாவது நாமும் கற்றல் வேண்டும்.

மூன்றாண்டுகள் சென்றன. 1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, லாகூரில் உலகக் கிண்ணத் துடுப்பாட்ட இறுதிப் போட்டி. இலங்கையும் அவுஸ்திரேலியாவும் மோதின. பொழுது விடியுமுன்னே நண்பர் ஒருவரது வீட்டின் நிலக்கீழ் அறையில் நாங்கள் ஏறத்தாழ இருபது பேர் கூடியிருந்தோம். இத்தகைய கூட்டங்களில் வழக்கமாக எழும் ஆரவாரம் அன்று எழவில்லை. முந்திய ஒக்ரோபர் மாத இறுதியில்தான் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் வீடு வாசல்களை விட்டுப் பெயர்ந்திருந்தனர். எங்களுள் ஒருவரது தாயாரும் அவர்களுள் ஒருவர். அவரிடமிருந்து அதுவரை ஒரே ஒரு கடிதம் வந்திருந்தது. அந்நாட்டின் பெயரைத் தாங்கிய அணிக்கு நாம் கைதட்டலாமா என்பதே அந்த அறையில் எவரும் வாய்விட்டுக் கேளாத கேள்வி.

ஒருவர், "எனக்கு அவுஸ்திரேலியாதான்" என்று கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். ஒருவர் எதுவுமே பேசவில்லை. அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களை ஆட்டமிழக்காது குவித்தபோது, முதியவர் ஒருவர் தம்மை மறந்து கைதட்டிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்க்கவே, "அழகான அடிக்குக் கைதட்டவும் கடவுச்சீட்டு வேணுமோ?" என்றார். சிலர் சிரித்தனர், சிலர் சிரிக்கவில்லை.

முத்தையா முரளிதரன் பந்து வீச வந்தபோது மட்டும் இருபது கதிரைகளும் ஒருங்கே முன்னோக்கி நகர்ந்தன. முந்திய டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேண் அரங்கில் நடுவர் ஒருவர் அவரது பந்துவீச்சை முறையற்றதென ஏழு தடவை அறிவித்திருந்தார். ஏழு தடவை கை நீட்டிக் குற்றம் சாட்டப்பட்ட பின்னரும் அதே கையால் மீண்டும் வீசும் ஓர் இளைஞரைப் பார்ப்பதற்கு அந்த அறையில் இருந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பத்து ஓவர்களில் 31 ஓட்டங்களை மட்டுமே கொடுத்து ஓர் இலக்கை வீழ்த்தினார். அவுஸ்திரேலியா 241 ஓட்டங்களைப் பெற்றது. இலங்கை மூன்று இலக்குகளை மட்டுமே இழந்து வென்றது.

அப்போது மாடியில் உறங்கியிருந்த எங்கள் மகள், பத்து வயதுப் பிள்ளை, கண்ணைக் கசக்கியவாறு படியில் இறங்கி வந்தாள்.

"அப்பா, நாம் வென்றோமா?"

மூன்றாண்டுகளாக நாங்கள் திருத்தித் திருத்திச் சொல்லிக் கொடுத்த "நாம்" அன்றுதான் அவள் வாயில் பிழையின்றி வந்தது. அன்றுதான் எங்களிடம் விடை இல்லை. இருபது பெரியவர்களும் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தனர். இறுதியில் எங்களுள் ஒருவர், "முரளி நல்லாய்ப் போட்டவர், பிள்ளை. வா, பால் குடிப்பம்" என்று அவளை அழைத்துச் சென்றார். வீடு திரும்பும் வழியில் அவள் மீண்டும் கேட்கவில்லை. கேளாமல் விட்டதே எங்களுக்கு வருத்தமாயிருந்தது. பிற்காலத்தில், அவள் வளர்ந்த பின்னர், அந்த மௌனத்தின் காரணத்தை அவளுக்கு விரிவாகக் கூறினோம். 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி காலியில் முரளிதரன் தமது இறுதி டெஸ்ட் போட்டியில் 800ஆவது இலக்கை வீழ்த்திய செய்தியை, அன்று காலை வேலைக்குப் புறப்படுமுன் அவளே தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். "அப்பா, எண்ணூறு!" என்றாள். நாமும் இல்லை, நாங்களும் இல்லை. எண் மட்டுமே போதுமானதாயிருந்தது.

இனிச் சற்று இலேசான செய்திகளுக்கு வருவோம்.

இந்நகரில் வாழ்வோர் பொறுமை பயில வேண்டுமாயின் அதற்கென ஓர் அணி இருக்கின்றது. மேப்பிள் லீவ்ஸ் ஹொக்கி அணியினர் ஸ்ரான்லி கிண்ணத்தை இறுதியாக வென்றது 1967ஆம் ஆண்டில். அதன்பின் 2025 வரை அக்கிண்ணம் அவர்கள் கையில் ஏறவில்லை. ஹொக்கியை விளங்கிக்கொள்ள எங்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. பனித்தளத்தில் அவர்கள் துரத்தும் அந்தக் கறுப்புத் தட்டின் விட்டம் மூன்று அங்குலம். ஏறக்குறைய பருத்தித்துறைத் தட்டைவடையளவு. அது எங்கே செல்கிறதென்று கண்டுபிடிப்பதற்குள் ஒருவர் மற்றவரை அடித்துத் தண்டனைப் பெட்டிக்குப் போய்விடுவார். எனினும் லீவ்ஸ் இரசிகர்களை நாங்கள் முதல் நாளே விளங்கிக்கொண்டோம். ஆண்டுதோறும் அவர்கள் கூறும் வாசகம் எங்களுக்கு மிகப் பழக்கமானது: "அடுத்த வருஷம்." எங்கள் வீட்டிலும் ஒவ்வொரு டிசம்பரிலும் அதையே கூறிக்கொண்டிருந்தோம். அடுத்த வருஷம் ஊருக்குப் போவோம். அடுத்த வருஷம் எல்லாம் சரியாகிவிடும். தோல்வியுற்ற மறுநாளும் தமது அணியின் சட்டையை அணிந்து பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒருவரைக் கண்டால், மொழி தெரியாவிட்டாலும் அவர் நம்மவர் என்றே தோன்றும்.

அக்காலத்தில் வீட்டில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டி. சனிக்கிழமை இரவு ஹொக்கி பார்ப்பதா, கடையில் வாடகைக்கு எடுத்து வந்த தமிழ்ப்பட வீடியோ நாடாவைப் பார்ப்பதா என்பது வாராந்தர வழக்கு. 1995இல் வெளிவந்த "பாட்ஷா" எங்கள் வீட்டில் எத்தனை தடவை ஓடியது என்பதற்குக் கணக்கில்லை. "இரஜினிகாந்த் வெல்லுவார் என்று தெரிந்தும் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள்?" என்று மகள் கேட்டாள். "லீவ்ஸ் தோற்பார்கள் என்று தெரிந்தும் நீ ஏன் பார்க்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டோம். அன்றிலிருந்து ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. முதலில் ஹொக்கி, அதில் தோற்ற துயரம் ஆறுவதற்கு இறுதிச் சுருளில் கட்டாயம் வெல்லும் கதாநாயகன். திரைப்படத்திற்கு இயக்குநர் ஒருவர் இருக்கின்றார். விளையாட்டிற்கு அப்படி ஒருவர் இல்லை என்பதே அதன் கொடுமையும் சுவையும்.

விளையாட்டுகளிலிருந்து நாங்கள் இல்லறத்திற்கு எடுத்துக்கொண்ட விதிகளும் சில உள. துடுப்பாட்டத்தில் ஐயத்தின் பயன் ஆடுபவருக்கே வழங்கப்படும். குழம்பில் உப்புக் கூடியதா என்ற ஐயம் எழுமிடத்தும் அவ்வாறே சமைத்தவருக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்க வேண்டும். மூன்றாம் நடுவரிடம் முறையிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் அப்பதவியை நெடுங்காலம் வகித்தவர் மாமியார் ஆதலால் முறையீடுகள் பெரும்பாலும் தள்ளுபடியாயின. ஹொக்கியைப் பின்பற்றி, குழப்படி செய்யும் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் மாடிப்படியில் அமரும் தண்டனை உண்டு. பிள்ளைகளோடு வாதிட்டுக் குரலை உயர்த்தும் பெரியவர்களுக்கும் அதே படி, அதே இரண்டு நிமிடம். ஒரே நேரத்தில் மூவர் அப்படியில் அமர்ந்திருந்த நாள்களும் உண்டு.

மூடநம்பிக்கைகளைப் பற்றிப் பேசாதிருப்பதே நன்று. எங்களுள் ஒருவர் தாம் எழுந்து சமையலறைக்குச் சென்றால்தான் அணி புள்ளி பெறும் என்று உறுதியாக நம்புகின்றவர். 2019ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி அன்னையர் தினம். அன்று இரவு ராப்டர்ஸ் கூடைப்பந்தாட்ட அணிக்கும் பிலடெல்பியா அணிக்கும் ஏழாவது, முடிவான போட்டி. அன்னையர் தினத்தில் அன்னையர் சமைக்கலாகாது என்று தோசைக்குச் சட்டினி அரைக்கும் பொறுப்பை மற்றவர் ஏற்றிருந்தார். புள்ளிகள் தொண்ணூறுக்குத் தொண்ணூறு. கவாய் லெனர்ட் எறிந்த இறுதிப் பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு தடவை துள்ளியது. அந்த நான்கு துள்ளலுக்குள் ஒருவர் பிள்ளையாருக்கு நூற்றொரு தேங்காய் நேர்ந்துவிட்டார். பந்து உள்ளே விழுந்தது. அடுத்த மாதம் 13ஆம் திகதி அணி வாகையும் சூடியது. நூற்றொரு தேங்காயையும் உடைப்பதற்குக் கோயிலார் காட்டிய முகபாவத்தை இங்கு விவரிக்கவில்லை. அன்றிரவு எங்கள் மகள், தன் மூன்று வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, "நாம் வென்றோம், அம்மா" என்றாள். இம்முறை நாங்கள் விழித்திருந்தோம்.

இறுதியாக, 2025ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி. அதுவும் சனிக்கிழமையே. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் உலகத் தொடரில் ஆடிய புளூ ஜேஸ், லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியுடன் ஏழாவது போட்டியில் மோதியது. காலையில் தமிழ்ப் பள்ளிக்கு வந்த பேத்தி, "இன்றைக்கு மட்டும்" என்று அனுமதி பெற்று எங்களோடு விழித்திருந்தாள். தாயின் சொற்களே அவள் வாயிலும் வந்தன. ஒன்பதாவது சுற்றில் நான்குக்கு மூன்று என்று நாம் முன்னணியில் இருந்தோம். இன்னும் இருவரை வெளியேற்றினால் கிண்ணம் நமது. அப்போது எதிரணி வீரர் ஒருவர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்துச் சமன் செய்தார். பதினோராவது சுற்றில் ஐந்துக்கு நான்கு என்று எல்லாம் முடிந்தது. நள்ளிரவு கடந்திருந்தது. அன்றிரவு கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பும் இரவாதலால், வருந்துவதற்கென மேலும் ஒரு மணி நேரமும் கிடைத்தது.

பேத்தி விம்மி விம்மி அழுதாள். வெல்லும் கதாநாயகன் எவரையும் நாங்கள் அவளுக்குக் காட்டவில்லை. தோற்ற நாள்களில் என்ன செய்வதென்பதில் எங்களுக்குச் சிறிது அனுபவம் உண்டு. தேநீர் வைத்தோம், அவளுக்குப் பால் காய்ச்சினோம். 1993ஆம் ஆண்டின் கதையைச் சொன்னோம். 1996ஆம் ஆண்டின் கதையையும் அவளுக்கு விளங்குமளவில் சொன்னோம். கேட்டுக்கொண்டே உறங்கிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் "சென்ற வாரம்" என்னும் தலைப்பில் ஐந்து வாக்கியம் எழுதுமாறு பணித்திருந்தனர். அவள் எழுதியவற்றுள் முதலாவது வாக்கியம்: "நாம் தோற்றோம்." ஆசிரியை அந்த "நாம்" என்ற சொல்லைச் சிவப்பு மையினால் வட்டமிட்டு, அருகே "நாங்கள்" என்று திருத்தியிருந்தார். இலக்கணப்படி அதுவே சரி. ஆசிரியையிடம் தன் குடும்பத்தைப் பற்றிக் கூறும் பிள்ளை அவ்வாறுதான் எழுத வேண்டும். ஆனால் அந்தத் திருத்தத்தையே ஆசிரியை பின்னர் ஒரு கோட்டினால் வெட்டிவிட்டு, கீழே சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்: "சரிதான். நானும் விழித்திருந்து பார்த்தேன்."

அக்கொப்பியை எங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கின்றோம். லீவ்ஸ் அணி எப்போதாவது வெல்லுமாயின் அக்கட்டுரையையும் நாங்களே எழுதித் தருவோம். இல்லையேல் பேத்தி எழுதுவாள்.